மாட்டு மருந்து, மனுஷ மாத்திரை, ஆன்லைன் ஆஃபர்... உங்க செல்லத்துக்கு மருந்து எங்கே வாங்குறது?

உங்கள் நாய் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். ரத்தப் பரிசோதனை முடிந்து 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு மருந்துச் சீட்டு, அதில் மூன்று மருந்துகள். அங்கேயே வாங்கினால் ஒரு விலை. போனை எடுத்துத் தேடினால் ஒரு தளத்தில் 15 சதவிகிதம் தள்ளுபடி, இன்னொன்றில் பாதி விலை. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால், "எதுக்கு ப்ரோ இவ்வளவு செலவு? மெடிக்கல்ல மனுஷங்க சாப்பிடுற மாத்திரையே கிடைக்கும்" என்கிறார் ஒருவர். "மாட்டு மருந்துக் கடையில ஒரு பாட்டில் வாங்கினா வருஷம் முழுக்க வரும்பா" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

இதில் யார் சொல்வது சரி? சிக்கல் என்னன்னா, எல்லார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. எல்லாவற்றிலும் உங்கள் செல்லத்தின் உயிரை எடுக்கக்கூடிய ஓர் ஓட்டையும் இருக்கு. அதனால் 'ஆன்லைனா, கடையா?' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். செலவும் பாதுகாப்பும் பெரும்பாலும் அதற்கு முன்பே, அந்தச் சீட்டு எழுதப்படும் அறையிலேயே முடிவாகிவிடுகின்றன.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

செல்லப்பிராணி வளர்ப்பது நம் ஊரில் வெறும் வீட்டு விஷயமாக இருந்த காலம் போய்விட்டது. 2025 இறுதியில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கு உரிமம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மைக்ரோசிப் மூன்றும் கட்டாயம் என்று இறுக்கிப் பிடித்தது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். ஊசி போட்டதற்கான ஆதாரம் இல்லாமல் உரிமம் இல்லை என்றானதும், 'எந்த மருந்து, எங்கே போட்டது?' என்ற கேள்வி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது.

விலைப் பக்கத்திலும் மாற்றம் நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 100 ரூபாயாக இருந்த ஒரு மருந்து, 112 ரூபாயிலிருந்து 105 ரூபாய்க்கு இறங்க வேண்டும்.

அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அமைச்சரவை, கால்நடை நலம் மற்றும் நோய்க்கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் திருத்தி, இரண்டு ஆண்டுகளுக்கு 3,880 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 75 கோடி, 'பசு ஔஷதி' என்ற புதுப் பிரிவுக்கு. மக்கள் மருந்தகம் மாதிரியே, கால்நடைகளுக்குத் தரமான ஜெனரிக் மருந்தைக் குறைந்த விலையில் கொடுக்கும் யோசனை. ஆனால், இது பிரதமரின் கிசான் சம்ரிதி மையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக விவசாயிகளை நோக்கிப் போகும் திட்டம். அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் உங்கள் பூனையை மனதில் வைத்துப் போட்டது கிடையாது.

ஆக, நகரத்துச் செல்லப்பிராணிக்கு மட்டும் தனி மலிவு விலைக் கடை எதுவும் இப்போதைக்கு வரப்போவதில்லை. இருக்கிற வழிகளை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

சீட்டில் என்ன எழுதியிருக்கு?

மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டம், 1940. பெயரைப் பார்த்தால் மனிதர்களுக்கு மட்டும் என்று தோன்றும். ஆனால் விலங்குகளுக்கான மருந்தும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. அதாவது, நாய்க்கான ஆன்டிபயாட்டிக்கை விற்க மெடிக்கல் ஷாப்புக்குத் தேவைப்படும் அதே மாதிரி லைசென்ஸ் வேண்டும். 'ஷெட்யூல் எச்' வகை மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

அந்தச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கையெழுத்து, தேதி, மொத்தம் எவ்வளவு மருந்து, எந்த அளவில் கொடுப்பது, விலங்குக்கான மருந்து என்றால் அதை வளர்ப்பவரின் பெயரும் முகவரியும். இத்தனையும் இருக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் பிராண்ட் பெயரை மட்டும் கிறுக்கிக் கொடுத்தால் அது முழுமையான சீட்டு இல்லை.

இதைவிட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. ஷெட்யூல் எச் மருந்துக்கான சீட்டில் ஒரு பிராண்டை எழுதியிருந்தால், அதே மூலப்பொருள் இருந்தாலும்கூட வேறு பிராண்டை மாற்றித் தர மருந்துக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. நீங்கள் கவுன்ட்டரில் நின்று "இதே மருந்து விலை கம்மியா இருக்கா?" என்று கேட்கும்போது, சட்டப்படி அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால், அப்படிக் கொடுத்தது தவறாகப் போனால் பொறுப்பு யாருடையது என்பது குழப்பமாகிவிடும்.

அதனால் பேரம் பேச வேண்டிய இடம் கடை இல்லை, டாக்டரின் அறை. எழுந்து வருவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

1. "டாக்டர், பிராண்ட் பேரோட மருந்தோட ஜெனரிக் பேரையும் எழுத முடியுமா?"

2. "இதுல எதெல்லாம் மனுஷங்க மருந்தாவே வாங்கலாம், எதைக் கண்டிப்பா விலங்குக்கான தயாரிப்பாத்தான் வாங்கணும்?"

3. "இன்னைக்கு எடை எவ்வளவு? அதையும் சீட்டுல எழுதிடுங்க."

4. "மொத்தம் எத்தனை நாள், எத்தனை மாத்திரை?"

கேட்கக் கூச்சமாக இருக்கலாம். வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் காசுக் கணக்கு பேசுகிறோமே என்று தோன்றும். பாதி டோஸோடு மருந்தை நிறுத்துவதைவிட, முன்கூட்டியே பட்ஜெட்டைச் சொல்லிவிடுவது உங்கள் நாய்க்கு நல்லது. பல டாக்டர்கள் அதைப் புரிந்துகொண்டே எழுதுவார்கள்.

மனுஷ மாத்திரை: எப்போ ஓகே, எப்போ விஷம்?

டாக்ஸிசைக்ளின், அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் அமிலம், பிரெட்னிசலோன், ஃபுரோசமைடு, வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன்... கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி எழுதும் இந்த மருந்துகள் எல்லாம் மனிதர்களுக்கும் பயன்படுபவை. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருப்பவை. அந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அரசு விலை உச்சவரம்பு வைக்கிறது. அதனால், விலங்குக்கென்று தனியாகப் பொதிந்து வரும் அதே மூலப்பொருளைவிட இவை மலிவாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

டாக்டர் ஜெனரிக் பெயரில், அளவோடு எழுதிக் கொடுத்திருந்தால் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகம், சாதாரண மெடிக்கல் ஷாப் என எங்கே வேண்டுமானாலும் விசாரிக்கலாம். "நாய்க்கா?" என்று சில கடைகளில் தயங்குவார்கள். முழுமையான சீட்டு இருந்தால் பேசுவது சுலபம். பல வாரங்கள், மாதங்கள் மருந்து கொடுக்க வேண்டிய நோய்களில் இந்த ஒரு மாற்றமே உங்கள் செலவைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

ஆனால், 'மனுஷங்க மாத்திரை கொடுக்கலாம்' என்பதை நீங்களே முடிவு செய்யக் கூடாது. காரணம் இதோ:

* பாராசிட்டமால்: ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். "உடம்பு சுடுது, கால் மாத்திரைதானே" என்று கொடுத்துவிடாதீர்கள்.

* இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக்: நாய், பூனை இரண்டுக்குமே வயிற்றுப் புண், ரத்தப்போக்கு, சிறுநீரகச் செயலிழப்பு வரைக்கும் கொண்டு போகும்.

* சளி, காய்ச்சல் காம்பினேஷன் மாத்திரைகள்: ஒரே மாத்திரையில் மூன்று, நான்கு மருந்துகள் இருக்கும். அதில் ஒன்று போதும், இதயத் துடிப்பு எகிற.

* சர்க்கரை இல்லாத சிரப்: இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கிவிடும்.

* கண் சொட்டு மருந்து: கண் சிவந்திருக்கிறது என்று கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், கருவிழியில் இருக்கும் புண் இன்னும் ஆழமாகும். பக், ஷிட்சு மாதிரி கண் துருத்திய இனங்களை வளர்ப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்து சரியாக இருந்தாலும் கொடுக்கும் விதத்தில் தவறு நடக்கலாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பூனைக்கு வறட்சியாக அப்படியே விழுங்க வைத்தால், அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, குழாயையே சுருக்கிவிடலாம். மாத்திரைக்குப் பின் கொஞ்சம் தண்ணீரோ உணவோ உள்ளே போக வேண்டும். மனித மருந்தை வாங்கச் சொல்லும் டாக்டரிடம், "எப்படிக் கொடுக்கணும்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாட்டு மருந்துக் கடையில் மறைந்திருக்கும் கணக்கு

கிராமத்திலும் சிறு நகரங்களிலும் கால்நடை மருந்துக் கடைதான் முதல் ஆப்ஷன். லைசென்ஸ் உள்ள கடை என்றால் அதில் தவறு இல்லை. நாய், பூனைக்கான குடற்புழு மாத்திரை, ஷாம்பு, டானிக் எல்லாம் அங்கே நியாயமான விலையில் கிடைக்கும். ஆபத்து, மாட்டுக்கான பாட்டிலை நாய்க்குப் பிரித்துப் போடுவதில் இருக்கிறது.

ஐவர்மெக்டின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடைகளுக்கான ஒரு சதவிகித மருந்தில், ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். மாட்டுக்கு 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது அதன் கணக்கு. அதே விகிதத்தில் பார்த்தாலே, 5 கிலோ நாய்க்குட்டிக்கு வருவது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு சிரிஞ்சில் அந்தச் சின்னக் கோட்டைத் தவறாகப் படித்தால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு, இந்த மருந்து மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் மரபணுவே பழுதாக இருக்கும். அவற்றுக்கு, மற்ற நாய்கள் தாங்கும் அளவுகூட நடுக்கம், மயக்கம், மரணம் வரை போகலாம். மாட்டுக்கான கணக்கை நாய்க்குப் போடவே கூடாது என்பதற்கு இது போதும்.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. உண்ணிக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின், நாய்களின் கழுத்தில் விடும் சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின், இரண்டும் பைரித்ராய்டு குடும்பம். பூனைக்கு இவை நரம்பு விஷம். நாய்க்குப் போட்டுவிட்டு, ஈரம் காய்வதற்குள் பூனை அதன் மேல் உரசிப் படுத்தாலே பிரச்னை வரலாம். 'நாய்க்கு மட்டும்' என்று அட்டையில் இருந்தால், அது விற்பனைக்காகப் போட்ட வரி கிடையாது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். டைக்ளோஃபெனாக்கை விலங்குகளுக்குப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டது. இறந்த மாடுகளைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும், 2024 டிசம்பர் இறுதியில் நிமசுலைடுக்கும் விலங்குப் பயன்பாட்டில் தடை விதிக்கப்பட்டது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்காகப் பேசப்பட்ட அதே மருந்துகளை, "வலிக்கு இது நல்லா கேட்கும்" என்று ஒரு கடைக்காரர் உங்கள் நாய்க்குக் கொடுத்தால், அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

ஆன்லைன்: நம்பலாமா?

நேர்மையாகச் சொன்னால், இந்தியாவில் ஆன்லைன் மருந்து விற்பனை இன்னும் ஒரு மங்கலான மண்டலத்தில்தான் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு இ-ஃபார்மசிகளுக்கு வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், விதிகள் முறைப்படி வரும் வரை ஆன்லைன் விற்பனைக்குத் தடை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. வரைவு பல ஆண்டுகள் வரைவாகவே கிடந்தது. இடையில் ஆப்கள் வளர்ந்து, நம் போனில் உட்கார்ந்துகொண்டன.

இதற்காக ஆன்லைனே கூடாது என்று அர்த்தம் இல்லை. மாதாமாதம் ஒரே மருந்து வாங்குபவர்களுக்கும், செல்லப்பிராணி மருந்து கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால், யாரிடம் வாங்குகிறோம் என்பது தெரிய வேண்டும். ஆர்டர் போடும் முன் இவற்றைப் பாருங்கள்:

* சீட்டு கேட்கிறதா? ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டு கேட்காமல் கார்ட்டில் போட விடும் தளம் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை. விதியை மதிக்காத கடை அது. காலாவதித் தேதியை மட்டும் மதிக்கும் என்று எப்படி நம்புவது?

* விற்பவர் யார்? பெரிய தளம் என்பது பல நேரம் ஒரு சந்தை மட்டும்தான். மருந்தை அனுப்புவது வேறு ஒருவர். அவர் பெயர், முகவரி, மருந்து விற்பனை லைசென்ஸ் எண் தெரிகிறதா என்று தேடுங்கள்.

* குறைதீர்ப்பு அதிகாரி பெயர் இருக்கிறதா? 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, தளங்கள் அதை வெளியிட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

* தள்ளுபடி நம்பும்படி இருக்கிறதா? 10, 15 சதவிகிதம் வியாபாரத்தில் சகஜம். எல்லா இடத்திலும் ஒரே விலையில் இருக்கும் ஒரு கம்பெனி மாத்திரை, ஓர் இடத்தில் மட்டும் பாதி விலை என்றால் மூன்று காரணங்களை யோசியுங்கள்: காலாவதி நெருங்கியது, சரியாகச் சேமிக்காதது, போலி.

* வெயில்: குளிர்ச்சியில் வைக்க வேண்டிய எதையும், குறிப்பாக இன்சுலினை, சித்திரை வெயிலில் டெலிவரி வண்டியில் சுற்றி வர விடாதீர்கள். குளிர்பெட்டி வசதி இருப்பதாக உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, அதைப் பக்கத்துக் கடையில் வாங்குங்கள்.

இன்ஸ்டாகிராம் பேஜ், டெலிகிராம் குரூப், 'எங்க நாய்க்கு வாங்கி மிச்சம் இருக்கு' மெசேஜ்... இந்த வழிகளில் வருவது எதுவும் கடைசி வரிசைகூட இல்லை, அதை லிஸ்ட்டிலேயே சேர்க்காதீர்கள். உணவு, பொம்மை விற்கும் பெட் ஷாப்பும் அப்படித்தான். சீப்பு, கழுத்துப் பட்டை வாங்கலாம். மருந்து விற்பனை லைசென்ஸ் இல்லாத கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள கடை என்றால், அதைப் பொதுமக்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தலையைத் தூக்கிச் சுவரைப் பாருங்கள், போதும்.

கிளினிக்கிலேயே வாங்கினால்?

கால்நடை மருத்துவர் தான் பார்க்கும் நோயாளிக்கு மருந்து கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அவசர மருந்து, முதல் டோஸ், ஊசிகள் ஆகியவற்றுக்கு இதுதான் பாதுகாப்பான இடம். ஏதாவது ஒவ்வாமை வந்தால் பதில் சொல்ல எதிரிலேயே ஆள் இருக்கிறார். முதல் இரண்டு நாள் மருந்தை அங்கே வாங்கிக்கொண்டு, மீதிக்குச் சீட்டு கேட்பது நல்ல நடுவழி.

செலவே பெரிய கவலை என்றால் அரசுக் கால்நடை மருத்துவமனைகளை மறந்துவிடாதீர்கள். 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகள் ஆகியவற்றின் சிகிச்சை வளாகங்களில் குறைந்த கட்டணத்தில் நிபுணர்களைப் பார்க்கலாம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால், நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்படுவதே மருந்துச் செலவில் முதல் மிச்சம். தவறான மருந்தை மூன்று முறை வாங்குவதைவிட மலிவான விஷயம் அது.

தடுப்பூசியில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்து கெட்டுப்போன குப்பி, பார்க்க நல்ல குப்பி மாதிரியேதான் இருக்கும். நாய்க்கு ஊசி போட்டோம் என்ற நிம்மதியில் நீங்கள் இருப்பீர்கள், நாயின் உடலில் எதிர்ப்பு சக்தி இருக்காது. பார்வோ வைரஸ் என்றால் குட்டியின் உயிர் போகும். வெறிநாய்க்கடி என்றால், அறிகுறி வந்த பிறகு நாய்க்கும் சிகிச்சை இல்லை, அது கடித்த மனிதருக்கும் இல்லை. உங்கள் வீட்டுக் குழந்தையின் பாதுகாப்பும் அந்தக் குப்பியில்தான் இருக்கிறது.

ஆன்லைனில் குப்பி வாங்கி, யூடியூப் பார்த்துக் குத்துவது வேண்டவே வேண்டாம். கிளினிக்கில் ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பதைப் பாருங்கள். குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும். உரிமம் எடுக்கப் போகும்போதும் இந்த அட்டைதான் கைகொடுக்கும்.

கையில் வாங்கியதும் ஒரு நிமிடம்

விலங்குக்கென்றே தயாரான மருந்தின் அட்டையில், 'மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல, விலங்குச் சிகிச்சைக்கு மட்டும்' என்ற பொருளில் ஆங்கில வரியும், ஒரு வீட்டு விலங்கின் தலைச் சின்னமும் இருக்க வேண்டும். இது விதி. அது இல்லாமல் 'பெட் மருந்து' என்று விற்றால் சந்தேகப்படுங்கள். தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், தேதிகள் அழிக்கப்படாமல், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டப்படாமல் இருக்கின்றனவா பாருங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால், பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள துண்டைக் கேளுங்கள். முடியாவிட்டால் முழு அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பில் வாங்குங்கள். "பில் வேணாம்னா பத்து ரூபா கம்மி" என்பது ரொம்பக் காஸ்ட்லியான பத்து ரூபாய். பில் இருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். வாங்கிய மருந்தைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கும் உரிமையையும், 1940-ம் ஆண்டுச் சட்டத்தின் 26-வது பிரிவு சாதாரண நுகர்வோருக்கே தருகிறது.

விலையை எப்படி ஒப்பிடுவது?

பெட்டி விலையைப் பார்க்காதீர்கள், நாள் விலையைப் பாருங்கள். உண்ணிக்கான மெல்லும் மாத்திரைகளில் சில ஒரு மாதத்துக்கு வேலை செய்யும், சில 12 வாரங்களுக்கு. கணக்கு புரிவதற்காக மட்டும் ஓர் உதாரணம்: மாத மாத்திரை 600 ரூபாய், 12 வார மாத்திரை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஒரு நாளைக்கு 20 ரூபாய், இரண்டாவது ஏறக்குறைய 18 ரூபாய். பெட்டியில் பெரிய விலை போட்டிருப்பதுதான் இங்கே மலிவு.

"பெரிய நாயோட மாத்திரையை வாங்கி நாலாப் பிச்சுப் போட்டா லாபம்" என்ற டிப்ஸும் சுற்றுகிறது. மெல்லும் மாத்திரையில் மருந்து எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பிரியும் என்று உத்தரவாதம் இல்லை. ஒரு துண்டில் குறைந்தால் உண்ணி போகாது, இன்னொன்றில் கூடினால் நாய் தாங்காது. இந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2018-லேயே எச்சரித்திருக்கிறது. உங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

உண்மையான மிச்சம் வேறு இடங்களில் இருக்கிறது. எடையைச் சரியாகப் பார்த்து வாங்குவது, தேவையில்லாத டானிக், சப்ளிமென்ட்டுகளை "இது கட்டாயமா டாக்டர்?" என்று கேட்டுத் தவிர்ப்பது, நீண்ட நாள் மருந்துகளுக்கு ஜெனரிக் சீட்டு வாங்குவது, தடுப்பூசியையும் உண்ணி மருந்தையும் தவறவிடாமல் பெரிய சிகிச்சைச் செலவைத் தள்ளிப்போடுவது.

வழி இல்லாத இடத்தில் கள்ளச்சந்தை வளரும்

பூனைகளுக்கு வரும் எஃப்.ஐ.பி என்ற நோய், ஏறக்குறைய நிச்சய மரணம் என்றிருந்தது. ஜிஎஸ்-441524 என்ற மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும், பல நாடுகளில் அதைச் சட்டப்படி வாங்க வழி இல்லை. பூனை வளர்ப்பவர்கள் சமூக ஊடகக் குழுக்கள் மூலம் லேபிள் இல்லாத குப்பிகளை வாங்கித் தாங்களே ஊசி போட்டார்கள். அமெரிக்காவில் டாக்டர் சீட்டோடு முறையாகக் கிடைக்கத் தொடங்கியதே 2024 ஜூனில்தான். உடலுக்குள் போனதும் அதே பொருளாக மாறும் ரெம்டெசிவிர், இந்தியாவில் மனித மருந்தாக இருக்கிறது. அதனால் இங்கே அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேட்கலாம்.

அந்தப் பூனைப் பெற்றோர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. நேர்வழி மூடியிருந்தது, போனார்கள். நம் ஊரிலும் அதுதான் நடக்கிறது. விலை தெரியாத கிளினிக் பில், ஜெனரிக் பெயர் இல்லாத சீட்டு, வருடக்கணக்கில் முடிவாகாத ஆன்லைன் விதி. இவை மூன்றும் சேர்ந்துதான் ஒருவரை டெலிகிராம் குரூப்புக்கும் மாட்டு மருந்து பாட்டிலுக்கும் தள்ளுகின்றன. சீட்டில் ஜெனரிக் பெயர் எழுதுவது வழக்கமானால், மக்கள் மருந்தகமும் முதல்வர் மருந்தகமும் விலங்குச் சீட்டுகளையும் தயங்காமல் வாங்கிக்கொண்டால், 'பசு ஔஷதி' மாதிரியான யோசனை நகரத்துக்கும் வந்தால், பெரும்பாலானவர்களுக்கு இந்தக் குழப்பமே இருக்காது.

அதுவரை, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்த நாலு கேள்விகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு எழுந்து வாங்க.